பிள்ளை பெறாதவளின் பால்

சோய்லாவுக்கு முப்பத்தோரு வயதில் மார்பில் பால் வந்தது. அவள் அதுவரை பிள்ளை பெற்றதில்லை. இந்த இரண்டையும் சேர்த்து நம்ப அந்த ஊரில் ஒருவரும் இல்லை, கட்டியவன் உட்பட.

தலைநகர் சான் சால்வதோரிலிருந்து கிழக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஊர். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட தையல் ஆலை ஒன்று இருந்தது. சோய்லா அங்கே ஓவர்லாக் மிஷினில் டி-சர்ட்டுகளுக்குத் தோள் மூட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வில்பர் மண்டியில் பீன்ஸ் மூட்டை ஏற்றுகிறவன். எட்டு அறைகள், நடுவில் ஒரு முற்றம், எல்லோருக்கும் ஒரே துவைக்கும் தொட்டி, ஒரே குழிக் கக்கூஸ் என்றிருந்த ஒரு வளவில் அவர்கள் குடியிருந்தார்கள். அடுத்த அறை வில்பரின் அக்கா பிளாங்காவுடையது. சோய்லாவும் பிளாங்காவும் எட்டு வருடமாக ஒரே கொடியில் துணி காயப்போட்டார்கள். எட்டு வருடமும் சண்டைதான்.

சோய்லாவும் லேசுப்பட்டவள் இல்லை. யாராவது ஒரு சொல் சொன்னால் பத்தாகத் திருப்பிக் கொடுப்பாள். அதனால் அவளுக்காகப் பேசவும் ஆள் இல்லை.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு மாதம் பிளாங்கா சந்தோஷமாக மஞ்சள் நூலில் குழந்தைக் குல்லாய் பின்னினாள். ஆலை நர்ஸ் சிறுநீரைச் சோதித்து, ஒன்றுமில்லை என்றாள். பிளாங்கா குல்லாயைப் பிரித்து நூலைத் திரும்ப உருண்டையாகச் சுற்றினாள். அதை முற்றத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து செய்தாள்.

அதன்பிறகு சோய்லாவுக்குத் தலைவலி வந்தது. நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு நடுவில், விடிந்ததிலிருந்து அடையும்வரை. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். உடம்பு பெருத்தது. வில்பர் பக்கத்தில் வந்தால் எரிச்சலாக இருந்தது, அவனும் வருவதை விட்டுவிட்டான். போகிற வழியில் எதையாவது இடித்துக்கொண்டே இருந்தாள். நிலைப்படியில் தோள் மோதும். ஒருநாள் சந்தையில் பக்கவாட்டில் இருந்த சோளக்கஞ்சிப் பானையைத் தட்டிவிட்டாள். கஞ்சிக்காரி, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாளா?" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் குடிகாரி என்றும் ஆயிற்று.

பாலை முதலில் தொட்டியடியில்தான் பார்த்தாள். துணி அடித்துத் துவைக்கும்போது உள்பாடி நனைந்தது. வியர்வை என்று நினைத்தாள். குளிக்கும்போது லேசாக அழுத்திப் பார்த்தாள், வெள்ளையாக வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? பழைய துண்டைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்படியே இரண்டு மாதம் ஓட்டினாள்.

மே மாதத்தில் ஒருநாள் ஆலையில் டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். மிஷினைவிட்டு எழ நேரமில்லை, துண்டை மாற்ற முடியவில்லை. பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் மாரிபெல் ஒரு கட்டு டி-சர்ட்டைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டாள்.

"இது தையலா? ஓரம் பூரா கோணல். கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?"

"மிஷின் கோணல். உன் கண்ணை வச்சு மெக்கானிக்கைத் தேடு."

"எந்திரி. எந்திரிச்சு நின்னு பேசு."

சோய்லா எழுந்தாள். சாம்பல் நிறச் சட்டையில் இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம். பக்கத்து மிஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. மாரிபெல் நான்கு பிள்ளை பெற்றவள், அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"குழந்தை எங்க?" என்றாள்.

"என்ன குழந்தை?"

"பால் கொட்டுதுடி. குழந்தை எங்க? என்ன பண்ணின அதை?"

"எனக்குக் குழந்தையே இல்ல."

"அதான் கேக்கிறேன். இல்லாமப் போனது எப்படி?"

லைனில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். சோய்லா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாசல் கம்பத்தில் மோதிக்கொண்டுதான் போனாள்.

பஸ் பிடித்து அவள் வளவுக்கு வருவதற்குள் செய்தி போனில் வந்திருந்தது. பிளாங்கா முற்றத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். வில்பரையும் மண்டியிலிருந்து வரவழைத்திருந்தாள்.

"சட்டையைத் திறந்து காட்டு."

"வழிய விடுங்க அண்ணி."

"டிசம்பர்ல தொளதொளன்னு சட்டை போட்டுக்கிட்டு அலைஞ்சியே, அப்பவே நெனச்சேன். எவனோடதுன்னு என் தம்பி கேப்பான். நான் கேக்கிறது ஒண்ணுதான். எங்க போட்ட?"

"பைத்தியமா உங்களுக்கு? ஒரே தொட்டியில தண்ணி மொண்டு குளிக்கிறோம். நான் வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னதை நீங்க பாக்காமலா இருப்பீங்க? என் உள்பாவாடையில எத்தனை கிழிசல்னு எண்ணி வச்சிருக்கிற ஆளாச்சே."

"வாய்! இந்த வாய்க்கே முப்பது வருஷம் உள்ள போடணும்."

சோய்லா கணவனைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்."

வில்பர் தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரோடது அது?" என்றான்.

நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. கருவைக் கலைத்தாலே வருடக்கணக்கில் சிறை என்கிற நாடு அது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். யார் கூப்பிட்டார்கள் என்று தேடத் தேவையிருக்கவில்லை. பிளாங்காவே முன்னால் போய், கக்கூஸ் இருக்கும் மூலையையும் வாழை நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தாள். வாழையடியில் மண் இளகியிருந்தது, அங்கே தோண்டச் சொன்னார்கள். மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அதை நீட்டிய கையிலிருந்து வாங்கிக்கொண்டது வில்பர். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகவே வாங்கினான், அவனாகவே வெட்டினான்.

மூன்றடி ஆழத்தில் சின்னதாக ஒரு கை தெரிந்தது. வளவு முழுக்க அலறியது. வில்பர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். போலீஸ்காரர் குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக். எந்தக் காலத்திலோ எந்தப் பிள்ளையோ தொலைத்த பொம்மையின் கை. சோய்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு கையில் விலங்கு பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

கட்டில் கம்பியோடு விலங்கைச் சேர்த்துப் பூட்டி ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அப்போதுதான் பிரசவித்தவள் தன் பிள்ளையைச் சோய்லாவின் பார்வை படாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். சோய்லாவின் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. துணி மாற்ற யாரும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போலீஸ் டாக்டர் வந்தார். வயதானவர், கொட்டாவி விட்டுக்கொண்டே சோதித்தார். முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "இவ பெத்தவளும் இல்ல, கலைச்சவளும் இல்ல. கருப்பையே சின்னதா சுருங்கிக் கிடக்கு" என்றார்.

"அப்ப பால்?" என்றாள் போலீஸ்காரி.

"அதைக் கண்டுபிடிக்க என்னை அனுப்பல."

போலீஸ்காரி விலங்கைக் கழற்றினாள். "கெளம்பு" என்றாள், அவ்வளவுதான். சோய்லா எழுந்து இரண்டடி வைத்ததும், பக்கவாட்டில் நின்ற குளுக்கோஸ் கம்பத்தில் இடித்து அதைச் சாய்த்தாள். அறைக்குள் வந்துகொண்டிருந்த அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஐயாலா அதைப் பிடித்து நிறுத்தினாள். இருபத்திரண்டு மணி நேரம் வேலை பார்த்துக் கண்கள் சிவந்திருந்தவள் அவள்.

"குடிச்சிருக்கியா?"

"ஆமா, உங்க ஆஸ்பத்திரியில ஊத்திக் குடுத்தாங்க. விலங்கோட சேத்து."

டாக்டர் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். "உக்காரு. என் மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்காத. என் விரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லு."

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்தாள். சோய்லா மூக்கைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"எப்ப ஆட்டப் போறீங்க?"

"இவ்வளவு நேரமா ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கைகள் காதோரம் தாண்டி முகத்துக்கு நேராக வந்த பிறகுதான் சோய்லாவுக்கு விரல்கள் தெரிந்தன. இரண்டு கண்ணிலும் வெளிப்புறம் இருட்டு. எவ்வளவு நாளாக என்று அவளுக்கே தெரியாது. இடிக்கிறது, கொட்டுகிறது, தையல் ஓரம் கோணுகிறது, எல்லாம் இதுதான்.

"மாசாமாசம் வர்றது நின்னு எத்தனை நாளாச்சு? தலைவலி உண்டா?"

சோய்லா சொன்னாள். இரண்டு வருடத்தில் அதையெல்லாம் அவளிடம் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டர்தான். கேட்டவிதமும் ஒன்றும் இனிமையாக இல்லை, அதட்டல்தான்.

ரத்தம் எடுத்தார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் அளவு எக்கச்சக்கமாக வந்ததால் பரிசோதனைக் கூடத்தில் நம்பாமல் இரண்டாம் முறை செய்தார்கள். பிறகு தலைநகரில் ஸ்கேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. அது பெரிய திராட்சை அளவுக்கு வளர்ந்து, மேலே போகும் கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"புத்துநோயா?" என்றாள் சோய்லா.

"இல்ல. ஆனா அது சும்மா இருக்கல. 'புள்ள பொறந்தாச்சு, பால் குடு, மாதவிலக்கை நிறுத்து'ன்னு உன் உடம்புக்குப் பொய்த் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கு. உடம்பு அதை நம்பிருச்சு."

"ஊரும்தான்."

"கத்தி வேணாம், மாத்திரையிலயே சுருங்கும். வயித்தைப் பொரட்டும், தலை சுத்தும். அதுக்காக நிறுத்தினா கண்ணு போயிரும். புரியுதா?"

நோயின் பெயரையும், அவள் கருவுற்றதே இல்லை என்பதையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு தாளை டாக்டரிடம் வாங்கிக்கொண்டாள் சோய்லா. அதோடு வளவுக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோரும் கோயிலுக்குப் போய்வந்து, முற்றத்தில் உட்கார்ந்து புபூசா தின்றுகொண்டிருந்தார்கள். சோள ரொட்டிக்குள் உருகிய சீஸ் வாசனை. சோய்லா நேராகப் போய் பிளாங்காவின் தட்டின்மேல் தாளை வைத்தாள்.

"வாசிங்க அண்ணி. சத்தமா."

"எண்ணெய் படுது, எடு."

"படட்டும். வாசிங்க."

பிளாங்கா வாசித்தாள். 'புரோலாக்டின்' என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது, சோய்லா திருப்பி வாசிக்க வைத்தாள். முடிந்ததும் பிளாங்கா தாளை மடித்துக் கீழே வைத்து, அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

"கட்டி சும்மா வருமா? செஞ்ச பாவத்துக்கு வந்திருக்கும். போலீஸைக் கூப்பிட்டது நான்தான். இன்னொரு தடவை சந்தேகம் வந்தாலும் கூப்பிடுவேன்."

சோய்லா அறைக்குள் போய்த் தன் சொந்தத் தையல் மிஷினைத் தூக்கினாள். வில்பர் ஒரு பக்கம் பிடிக்க வந்தான். "கையை எடு" என்றாள். வாழையடியில் தோண்டிய குழி அப்படியே திறந்து கிடந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப்போனாள்.

இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் அறை எடுத்து, பள்ளிச் சீருடை தைத்தாள். மாத்திரை முதல் மாதம் உயிரை எடுத்தது. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தைப்பாள். டாக்டர் ஐயாலாவைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள். மூன்றாம் வாரம் பால் நின்றது. பக்கவாட்டு வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் திரும்பவேயில்லை. ஏழாம் மாதம் மாதவிலக்கு வந்தது. ஏறக்குறைய மூன்று வருடத்தில் முதல்முறையாக ரத்தக்கறையைப் பார்த்தவள், கதவைத் தாழிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் செய்தி வில்பருக்கு எப்படி எட்டியதோ. புதுச் சட்டை போட்டு, தலை வாரி, பழப்பை ஒன்றோடு வந்து நின்றான்.

"எல்லாம் சரியாப் போச்சாமே. டாக்டர் புள்ள பொறக்கும்னு சொன்னாங்களாமே. வா, வீட்டுக்குப் போலாம்."

"பொறக்கும். உனக்குப் பொறக்காது."

"அக்கா பேசினதுக்கு என்னை ஏன்டி...?"

"அவ பேசினா. நீ தோண்டின."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பெடலை மிதித்தாள். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பழப்பையையும் எடுத்துக்கொண்டே போனான்.

இன்று அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போய், வரிசையில் முந்துகிறவர்களோடு சண்டை பிடித்துவிட்டு வருகிறாள். பஸ்ஸில் இடதுபக்கம் யாரையும் உட்காரவிடுவதில்லை. பழைய வளவுக்காரர்கள் சந்தையில் அவளைப் பார்த்தால் இன்றும் குரலைத் தாழ்த்துகிறார்கள். வாழையடியில் இல்லையென்றால் வேறெங்கோ புதைத்திருப்பாள் என்பது அவர்கள் கணக்கு. அது அவள் காதிலும் விழுகிறது. சுரைக்காயை அழுத்திப் பார்த்து, விலை கேட்டு, வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.