எட்டா, ஒன்பதா

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கல்குவாரியில் ஒரு மழைக்காலம் முழுக்க வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் படூரில் ஒரு கல்லூரியில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நடக்கும்போது மைக் கரகரத்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்று என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் பத்தாவதில் தவறியவன். தத்துவம் எடுத்த பேராசிரியை அம்மாவுக்கு மெல்லிய குரல். மைக் இல்லாமல் கேட்காது. அதனால் அவர் பாடம் ஒன்றுகூட எனக்குத் தப்பவில்லை. கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களை ஒரு வாரம் நடத்தினார், இல்லை என்பதற்கானவற்றை அடுத்த வாரம். எந்த வாரம் கேட்டேனோ அந்த வாரத்துப் பக்கம்தான் எனக்குச் சரியாகப் பட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். கல் சுமக்கப் போனேன்.

குவாரியில் நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டு. மெஷின் வைத்துப் பாறையில் குழி போடுகிறவர் செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். சாமி கும்பிடாமல் மெஷினைத் தொடமாட்டார். அந்த மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்பிரசர் டிராக்டரை ஓட்டியவர் ஊரப்பாக்கத்துக்காரர். சாமியே கிடையாது என்பார். இருவருக்கும் நான் எடுபிடி. சோற்று நேரத்தில் அவர்கள் மோதிக்கொள்ளாத நாள் இல்லை.

"சாமி கீதுன்றியே, காட்டு பாப்பம். உண்டுன்றவன்தான் காட்டணும்" என்பார் டிராக்டர்காரர்.

"கண்ணுக்குத் தெரிலன்னா இல்லேன்னு ஆயிடுமா?" என்பார் குழிக்காரர். "கும்புட்டு வச்சா இன்னா நஷ்டம்? இருந்தா உசுரு மிஞ்சும். இல்லேன்னா ஒரு எலுமிச்சம்பழம் போச்சு."

"அந்தப் பழத்த என் சோத்துல புழி. நான் மிஞ்சுவேன்."

இரண்டுமே வகுப்பில் வந்த வாதங்கள்தான் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"எவன் ஜெயிச்சான்?"

"அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்கண்ணா."

வெடி வைக்கும் நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் குழியின் வாயில் குழிக்காரர் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்துவார். பிறகு உரிமம் உள்ள வெடிகாரர் மருந்து அடைத்துப் பற்றவைப்பார். எல்லோரும் டிராக்டருக்குப் பின்னால் பதுங்கி, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவோம். குழிகளும் சத்தங்களும் சரிக்குச் சரியாக வரவேண்டும். வந்ததும், பழம் வைத்தவர்தான் முதலில் போய்ப் பார்ப்பார். சாமியின் காவல் அவருக்குத்தான் என்பது நம்பிக்கை.

ஒருநாள் பிற்பகல் ஒன்பது குழி. வெடிகாரர் பற்றவைத்த கையோடு, இன்னொரு குவாரியில் வேலை என்று பைக்கில் கிளம்பிவிட்டார். பாறை அதிர்ந்தது, புழுதி எழுந்தது, சத்தம் நின்றது. என் கைகளில் எட்டு விரல்கள்தான் மடங்கியிருந்தன. டிராக்டர்காரர் கையைப் பார்த்தேன். அவருக்கும் அதேதான்.

குழிக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஒம்போதும் ஆச்சு. கடைசி ரெண்டும் ஜோடியா வெடிச்சிது."

"எட்டுதான் கேட்டுது, மச்சான். உக்காரு" என்றார் டிராக்டர்காரர்.

கீழே மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்குக் கல் ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கிழக்கே மழை கட்டியிருந்தது. புழுதிக்குள் ஏதோ சரளை உருண்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெடிக்காத குழி மேல் கம்பிப்பாரை பட்டால் போதும். முன்பு அப்படிப் போன ஒருவரைக் கோணியில் பொறுக்கி எடுத்ததாக அங்கே சொல்வார்கள்.

குழிக்காரர் சிரித்தார். "இன்னா நைனா, காட்டுன்னுவியே. இப்ப நீ காட்டு. எங்க கீது வெடி? கண்ணுல காணாததுக்கு நடுங்கினு குந்தினுகீற?"

"காணலேன்னா இல்லேன்னு ஆயிடுமா?"

சொன்ன பிறகுதான் டிராக்டர்காரருக்கே அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது. ஆனால் எட்டிக் குழிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"விடுறா. பழம் வச்சவன் நான். நான் போவலேன்னா அத நம்பலேன்னு ஆயிடும்."

அவர் குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெடியைவிட, சாமிக்கு முன்னால் பின்வாங்குவதற்கே அதிகம் பயந்தார். கையை உதறிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு உதறலில் போய்விடுவார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அண்ணாத்த, சாமி கீதுன்னே வச்சிக்குவோம். அதுலேர்ந்து ஒம்போதும் வெடிச்சிடுச்சின்னு எப்படி வரும்? அது வேற, இது வேற."

"அது என்னக் காப்பாத்தும்டா."

"இவரு கையப் புடிச்சினு கீறதே அதுக்குத்தானோ இன்னாவோ. யாருக்குத் தெரியும்?"

"என்ன உங்க சாமிக்கு ஏஜெண்ட் ஆக்காதடா டேய்" என்றார் டிராக்டர்காரர். பிடி மட்டும் தளரவில்லை.

குழிக்காரர் புழுதியைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. மேஸ்திரி போனில் கத்தினார். மழை வந்தும் நாங்கள் நகரவில்லை.

மறுநாள் காலை வெடிகாரர் வந்து, ஒரு மூலையில் சரிந்து கிடந்த கற்குவியலை வெகுநேரம் தள்ளி நின்று பார்த்தார். "வெடிக்காதது கீழ கெடந்தாலும் கெடக்கும். இல்லாமயும் இருக்கும். கைய வைக்காதீங்க" என்றார். அந்த மூலையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் குழி போடச் சொன்னார்கள்.

அதன் பிறகு எனக்கு அங்கே தூக்கம் பிடிக்கவில்லை. குழிக்காரர் தினமும் சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பழம் வைத்தார். டிராக்டர்காரர் அதைக் கிண்டல் செய்யவில்லை. வண்டியைத் திருப்பும்போது அந்த மூலைக்கு முதுகு காட்டமாட்டார். இருவரும் உயிரோடுதான் இருந்தார்கள். நான்தான் கூலி பாக்கியைக்கூட வாங்காமல் கிளம்பினேன்.

அந்தக் குவாரியை இப்போது கைவிட்டுவிட்டார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கிறது. சிவப்புத் துணி மட்கி எப்போதோ போயிருக்கும். அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் எழுந்து நின்றுவிடுகிறேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது அந்த மூலைப் பக்கம் குளிக்கப் போகிறார்களா என்று பார்க்கிறேன்.