டி.வி. அறையின் இரண்டாவது பூட்டு

எங்கோ ஒரு நாட்டின் அதிபர் போட்ட உத்தரவை நீதிமன்றம் நிறுத்திவைத்துவிட்டதாக நேற்று செய்தியில் சொன்னார்கள். "பிரசிடெண்ட்டையே தடுக்க முடியுமாப்பா?" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பிரசிடெண்ட்டைத் தடுத்தது, மீன் விற்கும் ஒரு பெண்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்பாக்கத்தில் வேலை கிடைத்த புதிது. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை புதுப்பட்டினத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் வாடகைக்கு இருந்தேன். சாயங்காலமானால் பஞ்சாயத்து டி.வி. அறைதான். ஈர வலை வாடையும் மல்லிகை வாசனையும் கலந்த அந்தச் சிமெண்ட் தரையில், பெண்கள் கூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்து சீரியலுக்குக் கண் கலங்கியிருக்கிறேன். ஆபீசில் மட்டும் செய்தி பார்த்ததாகச் சொல்லிக்கொள்வேன்.

அறைச் சாவி பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஏழுமலையிடம் இருந்தது. ஐஸ் கடைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் கிரிக்கெட் பைத்தியம். ஒருநாள் இந்தியா தோற்ற கடுப்பில் பூட்டியவர் திறக்கவே இல்லை. சீரியலில் கல்யாணம் நடக்கவிருந்த வாரம் அது. கேட்டவர்களை எல்லாம் விரட்டினார்.

துணைத் தலைவர் பாப்பம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். சண்டைக்குப் போகாமல் சுதந்திர தின கிராம சபைக்காகக் காத்திருந்தார். அங்கே எழுந்து, அறைக்கு இன்னொரு பூட்டு போடுவோம், அந்தச் சாவி என்னிடம் இருக்கட்டும், இருவரும் வந்தால்தான் கதவு திறக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"அப்போ நான் இன்னாத்துக்கு பிரசிடெண்ட்டு?"

"நீதான் அண்ணாத்த பிரசிடெண்ட்டு. யாரு இல்லன்னாங்க? டி.வி. ஊருதாச்சே."

முதலில் கை தூக்கியது ஏழுமலையின் மனைவி. பிறகு தூக்காத கையே இல்லை. அந்த ஊரில் ஓட்டே இல்லாத நானும் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இறக்கிவிட்டார். ஏழுமலை பேனாவை வாங்கினார். தன்னைக் கட்டிப்போடும் தீர்மானத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு மேட்ச் நாட்களில் பாப்பம்மா வரும் பஸ்ஸுக்காக அவர் ரோட்டில் நிற்பார். பாப்பம்மா சாவகாசமாக இறங்கி, கூடையை வீட்டில் வைத்து, கை கழுவிவிட்டுத்தான் வருவார். அதேபோல் சீரியலுக்குப் பூட்டைத் திறக்க வந்த பிரசிடெண்ட், வந்ததுதான் வந்தோம் என்று உட்கார ஆரம்பித்து, ஒரே மாதத்தில் மாமியார்க்காரியை எங்களைவிடச் சத்தமாகத் திட்டினார். இந்தியா ஜெயித்த ஒரு நாளில் பாப்பம்மா எல்லோருக்கும் மீன் வறுத்துக் கொண்டுவந்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அந்த அறையை இடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு டி.வி. இருக்கிறது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மேட்சில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் தனித்தனியாகக் கத்தினார்கள்.