ஞாயிற்றுக்கிழமைகளில் டாலாட்

எனக்கு எட்டு ஒன்பது வயதாக இருந்த காலத்தில் வியட்நாமில் உள்ள டாலாட் என்ற மலைநகரத்தை ஓரளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். நாங்கள் இருந்தது ரொறன்ரோவில், பார்க்டேலில், லிப்ட் அடிக்கடி நின்றுபோகும் ஒரு மாடிக் கட்டடத்தில். டாலாட்டை எனக்குச் சுற்றிக் காட்டியவர் என் மாமா. அவரும் வியட்நாமுக்குப் போனதில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் முதலில் வந்தோம். அவர் எங்கெங்கோ நின்று, எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். எங்கள் வரவேற்பறை சோபாவில் படுத்துக்கொண்டு, ஸ்பாடைனா வீதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போய்வந்தார். அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். அப்பா ஒரு கட்டடத்துக்குக் காவலாளி. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் வீட்டில் அம்மா நித்திரை கொள்ளும் நாள். நான் சத்தம் போடாமல் இருக்கவேண்டிய நாள்.

ஒரு ஞாயிறு மாமா தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாக வாரிக்கொண்டு வந்து அம்மாவின் அறை வாசலில் நின்றார்.

"அக்கா, பிள்ளை வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடக்குது. ஊரைக் காட்டிக்கொண்டு வாறன்."

"நீ முதல் பார்த்தனியோ காட்டுறதுக்கு?" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"பார்க்கப் பார்க்கக் காட்டுறன்."

அம்மாவுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தம்பிக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் நிற்கும் இடத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மெலிந்தவர், அம்மாவைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். மாமாவின் உணவகத்தில் மரக்கறி வெட்டுகிறவர் என்று மாமா சொன்னார். அவருடைய பெயரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாகத் திருத்தினார். கடைசியில் நான் அவரை டாலாட் அன்ரி என்று கூப்பிடுவதாக மூவரும் ஒப்புக்கொண்டோம்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது உணவகத்துச் சமையலறையில் பழகிய குசினி ஆங்கிலம். சூடு, கவனம், பின்னால் வருகிறேன், முடிந்தது போன்ற சொற்களை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படியோ மணிக்கணக்காகப் பேசினார்கள். சொல் கிடைக்காவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுப்பேன். என்னை அழைத்துப் போவதற்கு அதுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

முதலில் போனது ஹை பார்க். அங்கே உள்ள குளத்தைப் பார்த்ததும் அன்ரி கரையிலேயே நின்றுவிட்டார். டாலாட்டின் நடுவிலும் ஒரு ஏரி இருக்கிறதாம், பிறை வடிவமாம், அதைச் சுற்றித்தான் நகரமே இருக்கிறதாம். விடியற்காலையில் ஏரிக்கு மேலே பனிப்புகார் இறங்கினால் எதிர்க்கரை தெரியாதாம். பிறகு அவர் குளத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு இடமாக நின்று பார்த்து, ஒரு வில்லோ மரத்துக்குக் கீழே வந்து, இங்கேயிருந்து பார்த்தால் கொஞ்சம் அதுபோல இருக்கிறது என்றார். மாமாவும் அந்த இடத்தில் நின்று பார்த்தார். என்னையும் நிறுத்திப் பார்க்க வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் பார்த்தல் அந்த வழியிலேயே போனது. காசா லோமா என்ற கோட்டை மாளிகையின் மதிலுக்கு வெளியே நின்றபோது அவர்களுடைய பேரரசர் கோடைக்கு வந்து தங்கும் மாளிகை பற்றி அன்ரி சொல்லக் கேட்டேன். அது இவ்வளவு பெரிதில்லையாம், ஆனால் பூந்தோட்டம் இதைவிட அழகாம். ஆலன் கார்டன்ஸ் கண்ணாடி வீட்டுக்குள் பூக்களின் பெயரைத் தன் மொழியில் சொல்லிக்கொண்டு போனார். ஸ்ட்ரீட்கார் ஒரு சின்ன ஏற்றத்தில் ஏறினாலே அவருக்கு டாலாட் ரயில் ஞாபகம் வந்துவிடும். தண்டவாளத்துக்கு நடுவே பல்லு வைத்து, ரயில் அந்தப் பல்லைக் கடித்துக் கடித்து மலையேறுமாம். சண்டையில் அது நின்றுபோனதாம். நயாகராவுக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போனோம். அவருக்குப் பிடிக்கவில்லை. டாலாட்டில் அருவிக்குப் பக்கத்தில் நின்று கதைக்கலாமாம். இங்கே கத்த வேண்டியிருக்கிறதாம்.

சாப்பாடும் அப்படித்தான். கென்சிங்டன் சந்தையில் ஒருநாள் ஆர்ட்டிசோக் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பச்சை மரத்தில் செதுக்கிய தாமரை மொட்டுப் போல இருந்தது. டாலாட்டில் அதைத் தோட்டம் தோட்டமாகப் போடுவார்களாம். பன்றிக்காலோடு சேர்த்து மெதுவாக அவிப்பார்களாம். காயவைத்துத் தேநீரும் போடுவார்களாம். அவித்துக் கொண்டுவந்ததை பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து தின்றோம். ஒவ்வொரு இதழாகப் பிய்த்து அடிச்சதையைப் பல்லால் வழித்துவிட்டு மீதியை எறிந்துவிட வேண்டும். மாமாவுக்கு அது தெரியாது. முழு இதழையும் வாய்க்குள் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அன்ரி அவரைப் பார்த்துச் சிரித்ததில் வாங்கிலிருந்து விழப் பார்த்தார். மாமா துப்பவில்லை, விழுங்கிவிட்டு, நல்லாயிருக்கு என்றார்.

ஆனைக்கொய்யா என்று நாங்கள் சொல்லும் அவகாடோப் பழத்தை மசித்து, ரின்னில் வரும் கட்டிப்பால் விட்டுக் கலக்கித் தருவார். குளிர்காலத்தில் சோயாப் பாலைக் காய்ச்சி சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவருவார். டாலாட்டில் பின்னேரம் குளிரத் தொடங்கியதும் சனங்கள் வீதியோரத்தில் குந்தியிருந்து இதைத்தான் குடிப்பார்களாம். அந்தக் குளிரால் டாலாட் பெண்களின் கன்னம் எப்போதும் சிவப்பாக இருக்குமாம். "இஞ்சையும் சிவப்பாத்தான் இருக்கு" என்று மாமா தமிழில் சொன்னார். என்ன சொன்னார் என்று அன்ரி என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் மாமா எனக்கு இன்னொரு கோப்பை பால் ஊற்றிவிட்டார்.

இதெல்லாம் இரகசியம் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா மாலையில் எழும்பி, எங்கே போனீர்கள் என்று கேட்பார். ஹை பார்க் என்பேன். நல்லது, கையைக் கழுவு என்பார். அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் என் வகுப்பு ஆசிரியை எங்கள் ஒவ்வொருவரையும் எழும்பி நின்று தாங்கள் பிறந்த இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். எனக்கு யாழ்ப்பாணத்தில் ஞாபகம் இருந்தது ஒரு கிணற்றுக்கட்டும், கட்டிலுக்குக் கீழே எல்லோரும் படுத்திருந்ததும்தான். அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? ஆகவே நான் ஒரு மலையைப் பற்றிப் பேசினேன். பைன் மரங்கள், நடுவில் ஏரி, பல்லுள்ள ரயில், குதிரை வண்டி, ஸ்ட்ரோபெரித் தோட்டம், அரசரின் மாளிகை. வகுப்பு கைதட்டியது. பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த ஊரைச் சொன்னேன்.

பெற்றோரைச் சந்திக்கும் நாளில் ஆசிரியை அம்மாவிடம், நீங்கள் குளிருக்குப் பழகினவர்கள், அதனால்தான் உங்கள் மகளுக்கு இங்கே கஷ்டமில்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் ஆங்கிலம் அந்த இடத்தில் போதவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலை ஆரடி மலை கட்டினது? ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"டாலாட் அன்ரி."

"அது ஆர்?"

"மாமாவின்ரை அன்ரி. ஒவ்வொரு ஞாயிறும் வாறவ."

மாமாவின் கை சோற்றில் நின்றது. அப்பா தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். அந்த மாதங்களில் லண்டனில் இருந்த தூரத்து உறவு ஒன்றின் மகளை மாமாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் படம் வந்து கண்ணாடி அலுமாரிக்குள் சாத்திவைக்கப்பட்டிருந்தது. அம்மா அந்த அலுமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, அந்த மனிசியை ஒருக்கா வீட்டை கூட்டிக்கொண்டு வா. நாங்களும் பாப்பம்."

அடுத்த ஞாயிறு அம்மா நித்திரை கொள்ளவில்லை. சேலை கட்டியிருந்தார். டாலாட் அன்ரி ஒரு கனமான இரும்புச் சட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டி முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். வந்த வீட்டில் இருந்து சாப்பிடுவதைவிட சமைத்துப் போடுவது நல்லதென்று அவர் நினைத்தாரோ, அல்லது மாமா சொல்லிவைத்தாரோ தெரியாது. அரிசிமாக் கரைசலைக் குழிகளில் ஊற்றி, மேலே முட்டை விட்டு, மூடி வேகவைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து எடுத்தார். வெங்காயத்தாள் போட்ட எண்ணெயும் மீன் சோஸும் தொட்டுக்கொள்ள. டாலாட்டில் காலையில் மண் சட்டியில் சுடுவார்களாம், அடுப்பைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்களாம். மாமா பக்கத்தில் நின்று கரண்டியால் ஒவ்வொன்றாகக் கிளப்பிக் கொடுத்தார்.

அம்மா ஒன்றைக் கடித்தார். விசாரணைக்கு ஆயத்தமாக வைத்திருந்த முகம் கொஞ்சம் குழம்பியது.

"உது எங்கடை அப்பம்தானே," என்றார். "குட்டி அப்பம்."

பிறகு என்னைப் பார்த்து, "கலியாணம் முடிச்சவவோ எண்டு கேள்," என்றார்.

நான் கேட்டேன். ஓம் என்றார் அன்ரி. கணவர் டாலாட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். யுத்தம் முடிந்த பிறகு அவரைப் பிடித்து முகாமில் போட்டார்கள், பல வருடம். இப்போது விட்டுவிட்டார்கள். இங்கே வருவதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. இலை நிறம் மாறும் காலத்தில் வந்துவிடுவார்.

நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அன்ரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரமாக, இன்னும் ஒன்றைச் சொல்லச் சொன்னார். அவருடைய கணவர் அந்த முகாமைத் தவிர, ஊரைவிட்டு எங்கும் போய் வாழாதவர். இவ்வளவு தூரம் வந்து எல்லாம் அந்நியமாகத் தெரிந்தால் தாங்கமாட்டார். அவர் வந்ததும் கொண்டுபோய்க் காட்டுவதற்குத்தான் டாலாட் போலத் தெரியும் இடங்களையெல்லாம் தேடிவைத்திருக்கிறார். என் மாமா உதவியில்லாவிட்டால் ஒன்றையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுப்பில் ஏதோ கருகும் மணம் வந்தது. மாமா குனிந்து அதைச் சுரண்டி எடுத்தார்.

அதற்குப் பிறகு அம்மா ஆளே மாறிவிட்டார். அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கறித்தூள் கட்டிக் கொடுத்தார். அப்பாவின் பழைய குளிர்காலக் கோட்டை அலுமாரியிலிருந்து எடுத்து, அவருடைய மனிசனுக்கு உதவும் என்று பையில் போட்டார். வாசல்வரை போய் வழியனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்து மாமாவுக்கு முன்னால் இருந்தார்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம் அக்கா. முதல் நாளே சொன்னவ."

"பிறகேன்ரா…"

அம்மா அந்த வசனத்தை முடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய் சோறு போட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு அப்பத்தையும் தின்ற பிறகு மாமாவுக்கு எதற்குச் சோறு என்று எனக்கு விளங்கவில்லை. மாமா மறுக்காமல் சாப்பிட்டார். லண்டனுக்குச் சம்மதம் சொல்லலாம் என்று அந்தக் கிழமையே அம்மாவிடம் சொன்னார். அடுத்த வருடம் மாமி வந்தார், நல்லவர், எனக்குத் தலை பின்னிவிடுவார்.

ஆனால் அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் அன்ரியின் கணவர் வந்து சேர்ந்தார். வந்த இரண்டாவது ஞாயிறு நாங்கள் நால்வரும் ஹை பார்க்குக்குப் போனோம். மாமாவுக்கு வர விருப்பமில்லை என்றுதான் நினைக்கிறேன்; அன்ரி விடவில்லை. கணவர் நரைத்த மனிதர். அப்பாவின் கோட்டுக்குள் விரல்கூடத் தெரியாமல் இருந்தார். மாமாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து நீண்ட நேரம் குலுக்கினார்.

அன்ரி அவரைக் குளத்தைச் சுற்றி அழைத்துக்கொண்டு போய், வில்லோ மரத்துக்குக் கீழே சரியான இடத்தில் நிறுத்தினார். இலைகள் மஞ்சளாகித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. அவர் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: இது டாலாட் மாதிரிக் கொஞ்சமும் இல்லையாம்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகிவிட்டன என்று எனக்குக் கோபம் வந்தது. அன்ரிக்கு வரவில்லை. கணவரின் தொங்கும் கோட்டுக் கையை மடித்துவிட்டு, அவரோடு கதைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. மாமா சோயாப் பாலை ஊற்றி என்னிடம் தந்தார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

வீடு திரும்பும் ஸ்ட்ரீட்காரில் நானும் மாமாவும் மட்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"மாமா, அவர் சொன்னது மெய்யோ? அது டாலாட் மாதிரி இல்லையோ?"

"எனக்கெண்டால் அப்பிடியே இருந்தது," என்றார் மாமா.

"நீங்கள் டாலாட்டைக் கண்டதே இல்லையே! பிறகு எப்பிடிச் சொல்லுவியள்?"

"அதுவும் சரிதான்," என்றார் மாமா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அவரை மடக்கிவிட்டேன் என்ற பெருமையில் எங்கள் தரிப்பிடம் வரும்வரை நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.