செக்கர் மனைவியின் விருந்தாளி பாஸ்

எங்கள் குடியிருப்பில் எண்பத்து நான்கு வீடுகள், ஒரு நீச்சல்குளம், ஒரு உடற்பயிற்சிக் கூடம், ஒரு செக்கர் சார். இவற்றில் ஒரு நாள்கூடப் பழுதாகி நிற்காதவர் செக்கர் சார் மட்டும்தான்.

முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். கல்யாணமான புதிதில், டிக்கெட் எடுக்காமல் அவசரமாக ஏறிவிட்ட சொந்த மாமனாரையே அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டாராம். அவர் மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரயிலுக்குள்ள மாமனார் மருமகன் எல்லாம் கிடையாது" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். ஓய்வு பெற்றபோது எல்லோரும் மாலையோடு வீட்டுக்கு வருவார்கள். இவர் டிக்கெட்டில் முக்கோண ஓட்டை போடும் குறட்டோடு வந்தார்.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. அவர்மீது எனக்குக் கோபம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து குளத்தில் தொபீரென்று குதித்தான். தண்ணீர் தெறித்து, அப்போது குளக்கரையிலேயே உட்கார்ந்திருந்த செக்கர் சாரின் வருகைப் பதிவேடு நனைந்தது. "யாருப்பா நீ?" என்று கேட்டார். "ஓனரோட குடும்பம்" என்றான் என் தம்பி. இருபது பேர் பார்க்க ஈரத்துணியோடு அவனை வெளியே அனுப்பினார். அன்றிலிருந்து அவன் என் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

அந்த ஒரு குதிக்காகப் பிறந்ததுதான் பாஸ் விதிகள். குடியிருப்போர் சங்கத்தில் யாருக்கும் எழுதப் பொறுமையில்லை, எழுதித் தருகிறேன் என்று இவர் நின்றார், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குடும்பம் என்று எழுதினால் ஊரே வந்து இறங்கும் என்று அந்த வார்த்தையையே எடுத்துவிட்டார். பத்திரத்தில் பெயர் உள்ள உரிமையாளர், அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் விருந்தாளி. ஒரு வீட்டுக்கு மாதம் நான்கு விருந்தாளி அனுமதி, உரிமையாளர் கூடவே இருக்க வேண்டும். விருந்தாளி இன்னொரு விருந்தாளியை அழைத்து வரக்கூடாது. விதியை மாற்ற வேண்டுமானால் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கி என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். என்றைக்காவது அவர் மாட்டாமலா போவார் என்ற நல்லெண்ணம்தான்.

அவர் மாட்டினார். ஆனால் நான் ஆசைப்பட்ட மாதிரி இல்லை.

புகைப்படம் போட்ட புது கார்டுகள் வந்தபோது, சங்க ஆபீஸில் வேலை செய்யும் பெண் ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்துப் பெயரைச் சரிபார்த்தாள். செக்கர் சார் வீட்டுப் பத்திரத்தை மட்டும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல உங்க பேரே இல்லையே."

"நல்லாப் பாரும்மா."

"உங்க பொண்ணு பேரு மட்டும்தான் சார் இருக்கு."

வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கிய வீடு. இவர் வெயிலில் நின்று கட்டுமானத்தைப் பார்த்தார், தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தார், வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். பத்திரம் யார் பெயரில் என்பதே நாளடைவில் மறந்துபோயிற்று. உரிமையாளருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று யோசித்தவர், பெற்றோரும் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

அவர் தலையில் மட்டும் விழுந்திருந்தால் நான் ஒரு கப் காபி கூடுதலாகக் குடித்துவிட்டு சந்தோஷமாக இருந்திருப்பேன். ஆனால் அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, அப்போதுதான் முட்டியில் ஆபரேஷன் நடந்திருந்தது. தினமும் இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும், ஆறு வாரம் விடாமல் செய்தால் கால் மடங்கும், விட்டால் இறுகிப்போய்விடும், அப்புறம் காலத்துக்கும் கைத்தடிதான் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அக்கா அதுவரை ஒன்பது நாள்தான் நடந்திருந்தார்.

சங்கத் தலைவர் நல்ல மனுஷர். "சார், யாரு கேக்கப் போறா? கண்டுக்காம விட்டுடலாம்" என்றார்.

"செக்கர் பொண்டாட்டிக்குன்னு ரயில்ல தனிப் பெட்டி ஓடலை" என்று சொல்லிவிட்டு, தன் கார்டையும் மனைவியின் கார்டையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தால், அக்கா காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். "எங்கப்பாவ இறக்கிவிட்ட அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. நான் வீட்டுக்கு ஓடி, பீரோ கதவிலிருந்த தாளை உரித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வீட்டுக்கு மாதம் நான்கு விருந்தாளி. ஏழு வீடு சேர்ந்தால் இருபத்தெட்டு; வாரம் ஒரு நாள் குளத்தைச் சுத்தம் செய்ய மூடிவிடுவதால் மாதத்துக்கு அது போதும். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுப் பெண்களைப் பிடித்து, யாருக்கு எந்தத் தேதி என்று பட்டியல் போட்டுவிட்டேன். அவர் எழுதிய விதியில் ஓட்டை கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு, நடக்கப்போகும் சந்தோஷம் அக்காவுக்கு.

குளத்துக் கேட்டுக்கு வெளியே மேசை போட்டு, காலை ஆறிலிருந்து எட்டு வரை செக்கர் சார்தான் உட்காருவார். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. உயரமான செடிவேலி மறைப்பதால் அங்கிருந்து குளம் தெரியாது. மறுநாளே புது மாதம் பிறந்தது; ஒன்றாம் தேதி, அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"உரிமையாளர் கார்டு?" என்றார். நீட்டினேன்.

"விருந்தாளி பேரு?"

நாற்பது வருடம் கூடக் குடும்பம் நடத்திய அக்கா, தன் முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவரும் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார்.

"உரிமையாளருக்கு என்ன உறவு?"

"பக்கத்து வீடு" என்றார் அக்கா. "ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, ஆறிடப் போகுது, குடிங்க."

சீட்டில் முக்கோண ஓட்டை விழுந்தது.

மாதம் முழுக்க இப்படித்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு நாள் மூன்றாம் வீட்டுப் பெண் போன் பேச வெளியே வந்துவிட்டாள். உரிமையாளர் கூட இல்லை என்று விசில் ஊதி, அக்காவைத் தண்ணீரிலிருந்து ஏற வைத்தார். அன்றைக்கு அக்கா ஈரத்துணியோடு வெளியே வந்ததைப் பார்த்து எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது. ஆனால் அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததையும், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வந்ததையும் அக்கா அப்புறம்தான் சொன்னார்.

மாதக் கடைசி நாள். கம்பியைப் பிடிக்காமல் குளத்தின் அகலத்தைக் கடக்க வேண்டும், பன்னிரண்டு அடி வைத்துவிட்டால் கைத்தடி வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அன்று என் முறை.

"நீங்களும் வந்து பாருங்களேன்" என்றார் அக்கா.

"யாரு பாஸ்ல?"

"நான் கூட்டிட்டுப் போகலாம்னா நானே விருந்தாளியால்ல இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே அக்கா உள்ளே போய்விட்டார்.

நான் நகரும்போது செக்கர் சார் எழுந்து நின்றார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"உங்க வீட்டுக்கு இந்த மாசம் இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கும்மா."

குரல் அவருடையது மாதிரியே இல்லை. சரி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது பேர் நடுவில் சொட்டச் சொட்ட நின்ற தம்பியின் முகம் வந்து குறுக்கே நின்றது.

"சாயங்காலம் என் தம்பி வர்றான் சார்" என்றேன். பொய்.

"அப்ப சரி. உரிமையாளர் இஷ்டம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கம்பியை விட்டார். முதல் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்துக்கொண்டார். அடுத்த அடிக்குப் பல்லைக் கடித்தார். நான் கரையிலிருந்து "ஒண்ணு! ரெண்டு!" என்று வேண்டுமென்றே உரக்க எண்ணினேன், பாவம், அவருக்குக் காதிலாவது விழட்டும் என்று. நான் எண்ணிய ஒவ்வொரு எண்ணுக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. பன்னிரண்டில் அக்கா எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

வெளியே வந்தபோது மேசையில் அவர் இல்லை. சுடுதண்ணீர் வைக்க முன்னால் போய்விட்டார். எப்போதும் மேசைமேல் இருக்கும் விதிகளின் தாள் அங்கேதான் இருந்தது. அதன் ஓரத்தில், வரிசையாக, பன்னிரண்டு முக்கோண ஓட்டைகள்.

என் தம்பி அன்றைக்கு வரவில்லை. அந்த ஒரு அனுமதி யாருக்கும் உதவாமல் காலாவதியானது. அடுத்த மாதத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்தத் தாளிலேயே தேடிப் பார்த்தேன். முடியாதாம். அதையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.