வண்டிக்கு வண்டி

கொல்லங்கோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் சைனுதீன் ராவுத்தரிடம் வண்டி கொண்டுபோகிறவர்கள், முதல் நாளே முகத்தைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அவர் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே மோதிர விரலால் தகரத்தைத் தட்டுவார். பட்டி பூசி மறைத்த இடம் மொத்தென்று கேட்கும். அங்கே நின்று விற்பவனின் முகத்தைப் பார்ப்பார். தகரத்தைவிட முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் வாங்கினார்.

வீட்டிலும் அப்படித்தான். பால்காரர் சிரித்தால் அன்று பாலில் தண்ணீர் அதிகம் என்பார். "ஏனுங்க, செத்தப்பறம் கப்ருக் குழியில கேள்வி கேக்க வர்ற அல்லாவோட மலக்குகிட்டயும் நீ எந்த ஊருன்னு கேப்பீங்களாக்கும்" என்பாள் மனைவி ஐசும்மா.

அப்படிப்பட்டவர், அடியில் சேஸிஸ் சட்டம் ஒடிந்து ஒட்டுப்போட்ட ஒரு ஜீப்பை வாங்கிவிட்டார்.

எழுபத்து நாலில் நடந்தது. நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளில் ஜீப் வாங்க ஆள் இருந்தது. அவரிடம் நின்றது ஓர் அம்பாசிடர். மூணாறில் சொந்த ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த பொன்ராஜுக்கு, சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றக் கார் வேண்டியிருந்தது. வண்டிக்கு வண்டி, கையில் ஒன்றும் வேண்டாம் என்று பேச்சாயிற்று. ஆயுத பூஜை முடிந்த வாரம் சைனுதீன் காரை ஓட்டிக்கொண்டு உடுமலை வழியாக மலையேறினார்.

தேயிலைத் தோட்டங்களில் ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். மேலே பச்சை, அடியில் கறுப்பு. அந்த வாரம் அங்கே பழைய பெயிண்டோடு ஒரு வண்டியும் நிற்காது. வேறு மாதமாக இருந்திருந்தால், அடியில் புதுக் கறுப்பைக் கண்டதும் சைனுதீன் பேசாமல் திரும்பியிருப்பார். தோட்டத்து வழக்கம் தெரிந்தவர் என்பதால் அது அவருக்குச் சரியாகவே பட்டது. சந்தனம் காயாத ஜீப்பில் ஏறிக் கீழே இறங்கினார்.

தை மாதம், நெல்லியாம்பதி ஏற்றத்தில், வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும்போதே ஜீப் நடுவில் தொய்ந்து நின்றுவிட்டது. பட்டறைக்காரர் பெரியமுத்து அடியில் படுத்துக் கறுப்பைச் சுரண்டினார்.

"மொதலாளி, இது பள்ளத்துல உருண்ட வண்டிங்க. வெட்டி ஒட்டியிருக்கானுங்க."

சைனுதீன் கல்பாத்தி வக்கீல் அனந்தநாராயணனிடம் போனார். பொன்ராஜ் உண்மையை மறைத்து வண்டியைத் தள்ளிவிட்டான், நஷ்ட ஈடு வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடச் சொன்னார்.

"ராவுத்தரே, எனக்கொரு சம்சயம்" என்றார் வக்கீல். "ஏமாத்தினான்னா வண்டி மாத்திண்டதே செல்லாதுன்னு சொல்லி, காரைத் திரும்பக் கேக்கலாமே. ஏன் கேக்க மாட்டேங்கறேள்?"

"கார் எதுக்குங்க? மலையில ஓட்டி நாசம் பண்ணியிருப்பான்."

வக்கீல் எழுதிக்கொண்டார். ஆனால் ஒரு நொடி தாமதித்து எழுதினார். சைனுதீன் அதைக் கவனித்தார்.

வண்டி மாற்றுவதற்கு முந்தைய ஆடியில் காயத்ரிப்புழை ஆறு கரையேறி அவருடைய கொட்டகைக்குள் வந்திருந்தது. கார் சீட் வரை தண்ணீரில் நின்றது. பெரியமுத்துதான் கழற்றிக் கழுவிக் காயவைத்தார். எஞ்சின் தப்பித்தது. அடித்தகரம் அப்பளம்போல உதிர ஆரம்பித்தது. சைனுதீன் அதன்மேல் புது மிதியடி விரித்து மூணாறுக்குக் கொண்டுபோனார். அங்கே ஜீப்புக்கு அடியில் அவர் படுத்துப் பார்க்காததற்கும் காரணம் அதுதான். தான் குனிந்தால் பொன்ராஜும் குனிவான் என்று பயந்தார்.

இப்போது தொய்ந்த ஜீப் கொட்டகையில் கிடந்தது. அவருடைய முதல் முழுக்க அதில்தான். வழக்கு ஜெயித்தால்தான் அடுத்த வண்டி. தண்ணீரில் நின்ற கார் என்று பொன்ராஜ் கோர்ட்டில் வாய் திறந்தால் வழக்கோடு தொழிலும் போய்விடும். அந்தக் கொட்டகையில் பிறகு ஒரு சைக்கிளைக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். பொன்ராஜுக்குத் தெரியுமா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

பொன்ராஜ் விசாரணைக்கு அதே அம்பாசிடரில் வந்தான். கோர்ட் வாசலில் மரத்தடியில் நிறுத்தினான். சைனுதீன் டீக்கடைப் பக்கம் திரும்பியபோது, தன் சாட்சியாக வந்த பெரியமுத்து பொன்ராஜோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்கூட என்ன பேச்சு?"

"சும்மாங்க. மூணாறுல குளிரு எப்படின்னு கேட்டேன்."

"குளிரைப் பத்தி இத்தனை நேரமா?"

"அங்க குளிரு ஜாஸ்திங்க, மொதலாளி."

உள்ளே, எதிர்வக்கீல் ஏதோ சொல்ல அனந்தநாராயணன் சிரிப்பதையும் பார்த்தார்.

கூண்டில் ஏறிய பொன்ராஜ் தயங்கவில்லை. உருண்டது உண்மைதான் என்றான்.

"பின்ன ஏன் சொல்லலே?" என்றார் அனந்தநாராயணன்.

"அவுக கேக்கலய்யா. பெயிண்ட பாத்தாக, வண்டியில ஏறுனாக, போய்ட்டாக."

"மறைக்கத்தானே பெயிண்ட் அடிச்சே?"

"பூஜைக்கு அடிச்சதுய்யா. எஸ்டேட் லாரிக்கும் அடிச்சோம். அதுவும் உருண்டுச்சா?"

யாரோ சிரித்தார்கள். பொன்ராஜ் முன்சீப்பைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஐயா, பாய்க்கு மனசு ஒப்பலன்னா ஜீப்ப நானே எடுத்துக்கிடுதேன். உடைஞ்சபடியே போதும். அவுக கார அவுக கொண்டு போகட்டும். வெளியதான் நிக்கி."

முன்சீப் பேனாவை வைத்தார். நியாயமாகத்தான் தெரிகிறது, வாதி யோசித்து மத்தியானம் சொல்லட்டும் என்று எழுந்து போனார்.

சைனுதீன் நேராக மரத்தடிக்குப் போனார். கார் பூட்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினார். அடியில் புதுத் தகரம். வரிசையாக ஆணி அறைந்து, பெயிண்ட் பூசி, கச்சிதமாக இருந்தது.

"என்னத்த தேடுதீய, பாய்?"

பொன்ராஜ் பின்னால் நின்றான்.

"ஒண்ணுமில்லீங்க."

"அடித்தகரம் பூரா மாத்திட்டேன். ஏலப்பாறையில ஒரு ஆளு நல்லா செய்தாரு. முந்தி கால் வச்சா ரோடு தெரியும். எம் பொண்டாட்டி சாந்தம்மா செருப்பு ஒண்ணு அதுவழியா போயிருச்சு. இன்னும் ஏசுதா."

சிரித்தான். தண்ணீர் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. ஏன் துருப்பிடித்தது என்று தெரியுமா என்று கேட்க முடியாது. கேட்டாலே, தனக்குத் தெரியும் என்றாகிவிடும். சைனுதீன் வேறு கேட்டார்.

"இத்தனை வேலை பாத்துட்டு ஏன் திருப்பிக் குடுக்கறீங்க?"

"மழையில தோட்டத்து ரோட்டுல கார் ஏற மாட்டேங்கு. ஜீப்புன்னா கை பழகுனது. ஒட்டுன எடத்தத் திரும்ப ஒட்டிக்கிடுவேன்."

முகத்தைப் பார்த்தார். எத்தனையோ முகம் பார்த்தவருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற முகம், அவ்வளவுதான். பெரியமுத்துவைக் கூப்பிட்டு எஞ்சினைக் கேட்கச் சொன்னார். பெரியமுத்து பானட்டைத் திறந்து, முடுக்கி, காது கொடுத்து நிதானமாகக் கேட்டார்.

"நம்மகிட்ட இருந்ததுக்கு இப்ப நல்லாருக்குதுங்க, மொதலாளி. பேசாம வாங்கிப் போடுங்க. அன்னைக்கு மதிச்ச ரேட்டுக்கு மேலயே போகும்."

அதுதான் சைனுதீனுக்குத் தெளிவு தந்தது. இவனும் அவனும் டீக்கடையில் பேசி முடித்தது இதைத்தான். உடைந்த வண்டிக்கு நல்ல வண்டி எவன் தருவான்? அந்தக் காரில் ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால், வெள்ளத்தில் நின்ற கதை முழுக்கத் தெரிந்துகொண்டு, திரும்ப வாங்கிய மறுநாள் ஊர் முழுக்கச் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

மத்தியானம் முன்சீப் கேட்டார். வாதி காரைத் திரும்ப வாங்கச் சம்மதமா?

"வேண்டாங்க."

"கார் வேண்டாமா? காரணம்?"

சைனுதீன் திரும்பிப் பார்த்தார். பொன்ராஜ், பெரியமுத்து, வக்கீல், எல்லாரும் அவர் சொல்லப்போவதற்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வழக்கும் வேண்டாங்க" என்றார்.

வராந்தாவில் அனந்தநாராயணன் வேகமாக நடந்து வந்து பிடித்தார். "ஓய் ராவுத்தரே, கைக்கு வந்ததை விட்டுட்டீரே. உமக்கு என்னதான் ஆச்சு?"

சைனுதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாததாங்க?" என்றார்.