தப்புப் பக்கம் தள்ளிய மேஸ்திரி

ராயபுரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது அங்கே கூலியாட்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். மீசையைப் பார்த்தால் பயில்வான்; வாயைத் திறந்தால் கீச்சுக் குரல். யாரையும் அதட்டமாட்டார். வேலை நின்றுபோனால் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தானே போய்த் தோள் கொடுப்பார், எப்போதும் தவறான இடத்தில்.

ஒருநாள் ஆலைக்குப் போகும் பெரிய பாய்லர் ஒன்று வண்டியிலிருந்து சரிந்து தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தது. ரயில் வரும் நேரம். வெள்ளைக்காரத் துரை கத்திய கத்தலில் ஆட்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் போய், பாய்லர் உருண்டால் தன்மேலேயே ஏறும்படி பள்ளத்துப் பக்கம் நின்று முக்கினார்.

"நைனா, நசுங்கிப் பூடுவே, நவுரு" என்று பதறி எழுந்தார்கள் ஆட்கள். அவரைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, எல்லாருமாகப் பாய்லரைப் புரட்டித் தள்ளினார்கள். ரயில் கூவிக்கொண்டு போனது.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "மேஸ்திரி, அவங்களைக் கிளப்பி விடறதுக்காகத்தானே வேணும்னே தப்புப் பக்கம் நின்னு தள்றீங்க?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"தப்புப் பக்கமா? இத்தினி வருசமா ஒருத்தன்கூட சொல்லலியே சாமி."

முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. உண்மையைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.