அத்தை கேட்ட பஜ்ஜி

திருமுல்லைவாயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாசனை பட்டதும் சுமதி அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அவள் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்து எங்கள் ஓட்டு வீட்டின் உள்ளறையில் படுத்திருந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும் உப்பில்லாத கஞ்சி காய்ச்சுவதும் அம்மாவின் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா குழாயடிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"நாக்கு செத்துப் பூட்சி கண்ணு. ஒரே ஒரு பஜ்ஜி வாங்கினு வா. அண்ணிக்குத் தெரிய வேணாம்."

வாங்கி வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

"அண்ணிக்காரி பத்தியத்த ஒயுங்கா பாக்கல" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். அப்பா மாதக்கணக்கில் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு பஜ்ஜியால் உயிர் போகாது என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அதை அப்பாவிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அத்தைக்கு பஜ்ஜி வாங்கியாந்து குடுத்தது நான்தாம்மா."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியும். உன் பாவாடை பூரா எண்ண. உங்கப்பா வர்றதுக்குள்ள நான்தான் தோச்சிப் போட்டேன்."